கிளாஸ் கணக்கு

2008 ஆகஸ்டில், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கூடிய ஒயின் பொருளியலாளர் மாநாட்டில், ராபின் கோல்ட்ஸ்டீன் என்ற எழுத்தாளர் ஒரு குட்டைப் போட்டு உடைத்தார். இத்தாலியின் மிலான் நகரத்து 'ஓஸ்தெரியா லின்ட்ரெபிதோ' என்ற உணவகத்துக்கு, சிறந்த ஒயின் பட்டியலுக்கான விருதை 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' பத்திரிகை கொடுத்திருந்தது. அப்படி ஓர் உணவகமே மிலானில் இல்லை. கோல்ட்ஸ்டீன் ஒரு பெயரை உருவாக்கினார், ஓர் உணவுப் பட்டியலும் ஒயின் பட்டியலும் தயாரித்தார், 250 டாலர் விண்ணப்பக் கட்டணம் கட்டினார். விருது வந்துவிட்டது. அதிலும் ஒரு குறும்பு செய்திருந்தார். கடையின் 'விசேஷ இருப்பு' என்று அவர் போட்டிருந்த விலை உயர்ந்த ஒயின்களில் பெரும்பாலானவை, அதே பத்திரிகை முந்தைய ஆண்டுகளில் மட்டமான மதிப்பெண் கொடுத்துக் கழித்துக் கட்டியவை.

பத்திரிகை சும்மா இருக்கவில்லை. பட்டியலில் இருந்த 256 ஒயின்களில் மட்டமானவை 15தான், மற்றவை நல்லவை என்றது. பலமுறை தொலைபேசியில் அழைத்ததாகவும் பதிவுக் குரல்தான் பேசியது என்றும் விளக்கம் சொன்னது. அதாவது பட்டியல் நல்ல பட்டியல்தான், கடைதான் இல்லை!

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தச் சம்பவத்துக்குள் உருப்படியான ஒரு கேள்வி இருக்கிறது. ஒயின் பட்டியலைத் தாளில் வைத்து மதிப்பிட முடியுமா? அந்தப் பத்திரிகையின் விருதில் மூன்று படிகள் உண்டு. முதல் படிக்குக் குறைந்தது 90 ஒயின்கள் வேண்டும், இரண்டாவதற்கு 350, உச்சப் படிக்கு 1000. எண்ணிக்கை கூடக் கூடப் பெருமையும் கூடும் என்ற கணக்கு இது. நிலவறையில் பெருமுதலைப் புதைத்து வைத்திருக்கும் நட்சத்திர ஓட்டலுக்கு அது பொருந்தலாம். ரயில் நிலையத்துக்கு எதிரே, பேக்கரிக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, முப்பது நாற்காலிகளோடு இருக்கும் புறநகர் ஒயின் பாருக்கு இந்த அளவுகோல் ஒத்துவராது.

அப்படிப்பட்ட பார்களைப் பார்க்க மெல்பர்ன் நல்ல இடம். அந்த நகரத்தின் புறநகர்களில் ஒயின் பார் என்பது எளிதாக வந்த வசதி அல்ல. விக்டோரியா மாநிலத்தில் 1916 முதல் 1966 வரை மாலை ஆறு மணிக்கே மதுக்கூடங்களை மூடிவிட வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஐந்து மணிக்கு வேலை முடித்தவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் எவ்வளவு பியரை உள்ளே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிவிட்டுத் தள்ளாடி வீட்டுக்குப் போவார்கள். கிழக்குப் புறநகர்களான கேம்பர்வெல், பாக்ஸ் ஹில் வட்டாரங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. 1920 வாக்கெடுப்பில் மதுக்கடையே வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அங்கே யாராவது உரிமம் கேட்டால், அக்கம்பக்கத்து வாக்காளர்களுக்கு வாக்குச்சீட்டு போகும். வாக்களிப்பது கட்டாயம். ஓர் ஒயின் பார் திறக்கலாமா கூடாதா என்று ஒரு தெருவே தேர்தல் நடத்தியது.

1986இல் பொருளியலாளர் ஜான் நியூவன்ஹ்யூசன் மாநில அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். குடிக்க வருபவர் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பது போன்ற கெடுபிடிகளைத் தளர்த்துங்கள், சிறு கடைகளுக்கு வழி விடுங்கள் என்பது அதன் சாரம். அதையொட்டி வந்த புதிய சட்டம்தான் இன்றைய சின்னச் சின்ன பார்களுக்கு விதை.

அதற்கெல்லாம் முன்பே ஒருவர் இந்தத் தொழிலைச் சரியாகச் செய்துகொண்டிருந்தார். நகர மையத்துக்கு வடக்கே, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கார்ல்டனின் லைகன் தெருவில் 1935இல் ஜிம்மி வாட்சன் ஓர் ஒயின் கடையை எடுத்து நடத்தத் தொடங்கினார். ஆஸ்திரேலியர்கள் பியர் குடித்த காலம் அது. ஒயின் என்றால் சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின், ஓரஞ்சாரத்தில் குடிக்கிற சமாச்சாரம். வாட்சன் பீப்பாய் பீப்பாயாக வாங்கிவந்து, தானே பாட்டிலில் அடைத்து, மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் விற்றார். சாப்பாட்டோடு ஒயின் குடிக்கலாம் என்பதை ஒரு தலைமுறைக்குப் பழக்கிவிட்டார். அவருடைய கடையை ஒருவர் மதிப்பிட வேண்டியிருந்தால் எதைப் பார்த்திருப்பார்? எத்தனை ஒயின் என்று எண்ணியிருக்க மாட்டார். கையில் காசில்லாத மாணவனுக்கு என்ன கிடைத்தது என்றுதான் பார்த்திருப்பார்.

புறநகர் பாரின் பட்டியலை எடைபோட இன்றைக்கும் இதுவே சரியான இடம். அதிகம் தெரியாத, அதிகம் செலவழிக்க விரும்பாத ஆளை அந்தப் பட்டியல் எப்படி நடத்துகிறது? பணக்காரரையும் விவரம் தெரிந்தவரையும் எந்தப் பட்டியலும் நன்றாகத்தான் நடத்தும்.

வாட்சன் 1962இல் இறந்தார். அவர் நினைவாக நண்பர்களும் வாடிக்கையாளர்களும் மெல்பர்ன் ஒயின் போட்டியில் ஒரு கோப்பை நிறுவினார்கள். ஒரு வயதே ஆன சிறந்த சிவப்பு ஒயினுக்கு அது கொடுக்கப்பட்டது. புறநகர் பார்க்காரர் ஒருவரின் பெயரில் தொடங்கிய பரிசு, ஆஸ்திரேலியாவிலேயே அதிகம் பேசப்படும் ஒயின் பரிசாகிவிட்டது. வுல்ஃப் பிளாஸ் என்ற ஒயின் தயாரிப்பாளர் 1974, 75, 76 என்று தொடர்ந்து மூன்று முறை அதைத் தட்டிச் சென்று பெரிய ஆளானார். சிக்கல் என்னவென்றால், பல ஆண்டுகள் அந்தக் கோப்பை இன்னும் பீப்பாயிலேயே இருக்கும், பாட்டிலுக்கு வராத ஒயினுக்குப் போனது. நடுவர் சுவைத்தது ஒன்று, பிறகு கடையில் விற்றது இன்னொன்றாக இருக்கலாம் என்று விமர்சனம் எழுந்தது. பின்னாளில் விதியை மாற்றினார்கள்.

ஆகவே பட்டியலில் ஒயின் பெயருக்குப் பக்கத்தில் 'தங்கப் பதக்கம்' என்று போட்டிருந்தால், அதற்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் சிறு ஒயின் ஆலை நடத்திய ராபர்ட் ஹாட்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், மாநிலப் பொருட்காட்சிப் போட்டியில் நடுவர்களையே சோதித்துப் பார்த்தார். ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை மற்ற ஒயின்களோடு கலந்து மூன்று முறை கொடுத்தார்கள். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே தரத்தைச் சொன்ன நடுவர் பத்தில் ஒருவர்தான்.

பதக்கத்தை விடுவோம். பட்டியலுக்கு வருவோம்.

புறநகர் பாரில் முதலில் பார்க்க வேண்டியது கிளாஸ் பகுதி. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கிளாஸ் குடிக்க வருபவரும், குழந்தையைக் காப்பாளரிடம் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் தப்பித்து வந்த தம்பதியும் பாட்டில் வாங்க மாட்டார்கள். இவர்களுக்குப் பட்டியல் என்பதே கிளாஸ் பகுதிதான். பொதுவாக அதில் பத்துப் பன்னிரண்டு ஒயின் இருக்கும். அந்தப் பன்னிரண்டுக்குள் நாலு சார்டொனே, மூன்று ஷிராஸ் என்று அடுக்கியிருந்தால் அந்தக் கடைக்காரருக்குக் கற்பனை போதாது. லேசாக, கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் மாதிரி ஒன்று, வெண்ணெய்ச் சுவையோடு யாரா பள்ளத்தாக்குச் சார்டொனே ஒன்று, தோலோடு ஊறவைத்த ஆரஞ்சு நிற ஒயின் ஒன்று, குளிரவைத்தும் குடிக்கக்கூடிய மெல்லிய சிவப்பு ஒன்று, மார்னிங்டன் தீபகற்பத்துப் பினோ நுவார், கனமாக ஹீத்கோட் ஷிராஸ். இப்படி ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகும்போது சுவை மாற வேண்டும்.

அடுத்தது அளவு. பாட்டில் 750 மில்லி. 150 மில்லியாக ஊற்றினால் ஐந்து கிளாஸ், 125ஆக ஊற்றினால் ஆறு. பிரிட்டனில் கிளாஸ் ஒயினை 125, 175 என்று சட்டம் சொன்ன அளவுகளில்தான் விற்க வேண்டும். மெல்பர்னில் கடைக்குக் கடை மாறும். ஒரு கடையில் 14 டாலர், இன்னொன்றில் 16 டாலர் என்று பார்த்துவிட்டு முதல் கடைதான் மலிவு என்று முடிவு கட்டினால் ஏமாந்து போகலாம். 14 டாலருக்கு 120 மில்லி என்றால் 100 மில்லிக்கு 11 டாலர் 67 சென்ட். 16 டாலருக்கு 150 மில்லி என்றால் 10 டாலர் 67 சென்ட். விலை கூடிய கடைதான் மலிவு! பட்டியலின் தலையிலேயே மில்லிக் கணக்கை அச்சிட்டிருக்கும் கடைக்கு அதற்காகவே ஒரு மதிப்பெண் போடலாம்.

மில்லியை அச்சிட இன்னொரு காரணமும் உண்டு. புறநகர் வாடிக்கையாளர் பலர் வண்டியோட்டிக்கொண்டு வருகிறவர்கள். விக்டோரியாவில் 1966 முதலே வண்டியோட்டுபவரின் இரத்தத்தில் 0.05 சதவீதச் சாராயம் என்பது எல்லை. ஆறு மணிச் சட்டம் போனதும் இந்தச் சட்டம் வந்ததும் ஒரே ஆண்டில். ஆஸ்திரேலியக் கணக்குப்படி பத்து கிராம் சாராயம் ஒரு 'நிலையான அளவு'. பதின்மூன்றரை சதவீத ஒயின் 150 மில்லி என்றால் அதில் ஒன்று புள்ளி ஆறு அளவு போய்விடுகிறது. ஒரு கிளாஸ்தானே என்று நினைக்கும் ஆள் ஒன்றரைக்கு மேல் குடித்திருக்கிறார். மில்லியோடு சாராய சதவீதமும் போட்டால் என்ன குறைந்துவிடும்? போடுகிற கடைகள் அபூர்வம்.

இனி விலை. பாருக்கு ஒரு பாட்டில் வரி உட்பட 20 டாலருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டு ஜூலை முதல் ஆஸ்திரேலியாவில் ஒயினுக்கு மொத்த விலையில் 29 சதவீதம் தனி வரி, அதற்கு மேல் 10 சதவீதம் சரக்குச் சேவை வரி. அந்தப் பாட்டிலை 60, 70 டாலர் என்று பட்டியலில் பார்த்துக் கொதிப்பவர்கள் உண்டு. வாடகை, ஞாயிற்றுக்கிழமை கூடுதல் சம்பளம், உடையும் கிளாஸ், விற்காமல் தங்கும் சரக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் மூன்று மடங்கு என்பது அநியாயமல்ல. கிளாஸ் விலைக்குத் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு. முதல் கிளாஸிலேயே பாட்டிலின் கொள்முதல் விலை கைக்கு வந்துவிட வேண்டும். மிச்ச நாலு கிளாஸ்தான் கடை ஓடுவதற்கு.

கடைக்காரரின் குணம் தெரிவது விலை உயர்ந்த பாட்டில்களில். 20 டாலர் பாட்டிலை 70க்கு விற்கும் கடை, 60 டாலர் பாட்டிலையும் அதே மூன்றரை மடங்கு போட்டு 210 ஆக்கினால் அது வெறும் பெருக்கல் வாய்ப்பாடு. இரண்டு பாட்டிலையும் திறப்பதற்கு ஒரே உழைப்புதான், ஒரே கிளாஸ்தான். சில நல்ல கடைகள் பாட்டிலுக்கு இவ்வளவு டாலர் என்று ஒரு தொகையை மட்டும் சேர்க்கும். அங்கே 60 டாலர் பாட்டில் 110, 120க்குக் கிடைக்கும். மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்யலாம் என்று நினைக்கும் பக்கத்துத் தெருக்காரர் இந்தக் கடைக்குத்தான் திரும்பத் திரும்ப வருவார்.

பட்டியலில் கடைசிக்கு முந்தைய மலிவு ஒயினை வாங்காதே என்று ஒரு சாஸ்திரம் உலவுகிறது. எல்லாவற்றிலும் மலிவானதைக் கேட்க வாடிக்கையாளர் வெட்கப்பட்டு அதற்கடுத்ததைக் கேட்பாராம், அதனால் கடைக்காரர் அதில்தான் கொள்ளை லாபம் வைப்பாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. லண்டன் பொருளியல் பள்ளியின் டேவிட் டி மேசாவும் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் விக்ரம் பதானியாவும் லண்டன் உணவகப் பட்டியல்களை எடுத்து இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். சாஸ்திரம் பொய். லாப விகிதம் அதிகமாக இருந்தது பட்டியலின் நடுவில். இரண்டு ஓரத்திலும் குறைவு. மலிவு ஒயினை வெட்கமில்லாமல் கேட்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

தாளில் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதுதான் கிளாஸ் பகுதியின் உயிர். பாட்டிலை எப்போது திறந்தார்கள்?

கவுண்டருக்குப் பின்னால் கொஞ்சம் கண்ணை ஓட்டினால் போதும். காப்பி இயந்திரத்துக்கு மேல் உள்ள தட்டில் பாதி காலியான சிவப்பு ஒயின் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றனவா? கீழிருந்து வரும் சூட்டில் அவை நாள் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். கிளாஸில் ஊற்றினால் முதலில் மூக்கில் ஏறுவது சாராய நெடி, அதன் பின்னால் வாடிய ஆப்பிள் வாசனை. மெல்பர்னில் கோடையில் 40 டிகிரி தொடும் நாட்களில் 'அறை வெப்பம்' என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. கனமான சிவப்புக்கே 18 டிகிரி போதும். அக்கறையுள்ள கடையில் திறந்த பாட்டிலின் கழுத்தில் ஒரு காகிதத் துண்டு, அல்லது மெழுகுப் பென்சிலில் தேதி. சிவப்பு ஒயினும் குளிர்பெட்டியில் இருக்கும், ஊற்றுவதற்குக் கொஞ்சம் முன்பு வெளியே வரும். "இது எப்போது திறந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "நேற்று சாயங்காலம், வேண்டுமானால் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள்" என்று பதில் வந்தால் அங்கே உட்காரலாம். முகம் சுருங்கினால் பியர் நல்லது.

2013இல் கோராவின் என்ற கருவி சந்தைக்கு வந்தது. மெல்லிய ஊசியால் கார்க்கைத் துளைத்து ஒயினை எடுத்து, அந்த இடத்தில் ஆர்கான் வாயுவை நிரப்பிவிடும். ஊசியை இழுத்ததும் கார்க் மூடிக்கொள்ளும். கண்டுபிடித்த கிரெக் லாம்பிரெக்ட் மருத்துவக் கருவிகள் செய்கிறவர். இதனால் 150 டாலர் பாட்டிலைக் கூட 30, 35 டாலருக்கு ஒரு கிளாஸாகக் கொடுக்க முடிகிறது. சிறு கடைக்கு இது வரம்தான். ஆனால் இதே வசதியில் ஒரு பாட்டில் மாதக்கணக்கில் கவுண்டரில் குடியிருக்கவும் வாய்ப்புண்டு. விற்காத ஒயினை எந்த வாயுவும் காப்பாற்றாது.

இனி ஒரே ஒரு வரியை உற்றுப் பார்ப்போம். தயாரிப்பாளர் பெயர், திராட்சை, ஊர், ஆண்டு, விலை. இந்த ஐந்தும் இருக்க வேண்டும். பல பட்டியல்களில் முதலில் காணாமல் போவது ஆண்டு. 'சரக்கு மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் அச்சடிக்க முடியுமா?' என்பார்கள். விக்டோரியாவில் ஆண்டு என்பது அலங்காரம் அல்ல. 2009 பிப்ரவரி 7 அன்று மூண்ட காட்டுத்தீயின் புகை யாரா பள்ளத்தாக்குத் திராட்சையில் படிந்தது. புகை தோலில் ஏறினால் ஒயினில் சாம்பல் கசப்பு வரும். 2011 மழையாலும் பூஞ்சையாலும் பெயர் கெட்ட ஆண்டு. 2020 தொடக்கத்தில் மறுபடி தீ. இம்முறை வடகிழக்கே கிங் பள்ளத்தாக்கு அடிவாங்கியது. அந்த ஆண்டு சிவப்பு ஒயினே செய்யாமல் விட்ட தோட்டக்காரர்கள் உண்டு. கிங் பள்ளத்தாக்குச் சிவப்பு என்று மட்டும் எழுதி ஆண்டை விழுங்கிவிட்டால் வாங்குகிறவர் எதை நம்பி வாங்குவார்? தாளை வாரத்துக்கு ஒருமுறை சாதாரண அச்சுப்பொறியில் எடுத்தால் போதும். தோல் அட்டை போட்ட தடித்த பட்டியலைவிட, ஓரம் கசங்கிய ஒற்றைத் தாள் பெரும்பாலும் நம்பகமானது.

தோல் அட்டைக்குப் பின்னால் இன்னொரு ரகசியமும் இருக்கலாம். பெரிய விநியோகஸ்தர்கள் பட்டியலைத் தாங்களே அச்சடித்துக் கொடுப்பார்கள், பதிலுக்குத் தங்கள் சரக்கை நிறைய வைக்கச் சொல்வார்கள். பென்ஃபோல்ட்ஸ், வுல்ஃப் பிளாஸ், வின்ஸ், பெப்பர்ஜாக் என்று பெயர்கள் வேறு வேறாகத் தெரியும். எல்லாம் டிரஷரி ஒயின் எஸ்டேட்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள். ஒயின் மட்டமென்று சொல்ல முடியாது, வின்ஸின் கூனவாரா காபர்னே பல ஆண்டுகளாக விலைக்கு மேல் தரம் கொடுக்கும் ஒயின். ஆனால் பத்து வரியில் ஏழு வரி ஒரே வீட்டிலிருந்து வந்தால், அந்தப் பட்டியலை எழுதியது கடைக்காரர் அல்ல, விற்பனைப் பிரதிநிதி.

புறநகர் பாருக்கு உண்மையான போட்டி பக்கத்து பார் அல்ல, டான் மர்ஃபிஸ். 1952இல் பிரான் புறநகரில் ஒரு மனிதரின் ஒற்றை மதுக்கடையாகத் தொடங்கி, 1998இல் உல்வொர்த்ஸ் கைக்குப் போய், இன்று நாடெங்கும் பரவிய சங்கிலிக் கடை. விலையில் யாரும் எங்களை முந்த முடியாது என்பதே அவர்கள் விளம்பரம். பாரில் உட்கார்ந்தபடியே கைபேசியில் பெயரைத் தட்டினால் அங்கே 22 டாலர், இங்கே 75 என்று தெரிந்துவிடும். அதனால் விவரமான பார்க்காரர்கள் அந்தக் கடையில் கிடைக்காத ஒயினாகத் தேடிப் போகிறார்கள். சிறு தோட்டக்காரர், சில நூறு பெட்டி மட்டும் செய்கிறவர், ஹீத்கோட்டில் விளைந்த இத்தாலியத் திராட்சைகளான ஃபியானோ, நீரோ தாவோலா. இதில் நன்மையும் உண்டு, தந்திரமும் உண்டு. ஒப்பிட முடியாத பொருளுக்கு விலை சொல்கிறவன் வைத்ததே சட்டம். எட்டு வரியில் ஒரு பெயர்கூடக் கேள்விப்பட்டதாக இல்லையென்றால், அது தேடலா அல்லது மறைப்பா என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை. தெரிந்த முகம் ஒன்றிரண்டு இருந்தால் விலைக்கு அது ஓர் உரைகல்.

வடக்குக் கார்ல்டனின் ராத்டவுன் தெருவில் 2006 முதல் இருக்கும் ஜெரால்ட்ஸ் பார் இந்த மதிப்பீட்டையெல்லாம் ஒரே வீச்சில் தூக்கிப் போட்டுவிட்டது. கிளாஸ் ஒயினுக்கு அங்கே அச்சடித்த பட்டியல் இல்லை என்பதே அதன் புகழ். அன்றைக்கு எந்தப் பாட்டில்கள் திறந்திருக்கின்றனவோ அவைதான். என்ன பிடிக்கும் என்று கேட்பார்கள், ஊற்றுவார்கள். பின்னணியில் இசைத்தட்டு சுழலும். பாட்டில் தேங்காமல் ஓடுகிறது, ஆண்டு பழையதாகும் பிரச்சினை இல்லை, பிரதிநிதியின் அச்சகம் இல்லை. கடைக்காரரின் நாக்குதான் பட்டியல்.

இதைப் பார்த்துப் பல கடைகள் பட்டியலைத் தூக்கிவிட்டன. எல்லோருக்கும் அது கைவரவில்லை. விலை கேட்கக் கூச்சப்படும் ஆள், பட்டியல் இல்லாத கடையில் கையைக் கட்டிப் போட்டது போல உட்கார்ந்திருப்பார். "என்ன மாதிரி விரும்புகிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அந்த முறை இன்பம். ஒரு கரும்பலகையில் நாலு பெயரும் நாலு விலையும் எழுதிவைத்தால் பட்டியல் இல்லாத கடையின் கவர்ச்சி ஒன்றும் குறையாது.

வர்ணனை எழுதுகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம். 'ஈரக்கல், பென்சில் சீவல், காட்டுப்பூ' என்று மூன்று சொல் போதும். நாலாவது வரிக்குப் போனால் எழுதியவர் தன்னை ரசிக்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். 'இயற்கை ஒயின்' என்ற தலைப்பில் கலங்கிய, புளித்த ஒயின்களை அடுக்கும் பட்டியல்கள் புறநகர்களிலும் வந்துவிட்டன. அவற்றில் அருமையானவை உண்டு, எலிப்புழுக்கை வாடை அடிப்பவையும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆள் இருந்தால் வைக்கலாம்.

கடைசியாகத் தாளின் அடிப்பகுதி. வெளியிலிருந்து பாட்டில் கொண்டுவரலாமா, அதற்குத் திறப்புக் கூலி எவ்வளவு என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். சொந்தப் பாட்டிலோடு உணவகத்துக்குப் போகும் வழக்கம் மெல்பர்ன்காரர்களிடம் 1960களிலேயே ஊறிப்போனது. பல ஒயின் பார்கள் அதை அனுமதிப்பதில்லை. கூட்டமில்லாத திங்கள், செவ்வாயில் அனுமதிக்கும் கடையைத் தாராளம் என்றே சொல்லலாம். தன் பட்டியல்மீது நம்பிக்கை உள்ளவர்தான் வீட்டுப் பாட்டிலைப் பக்கத்தில் வைக்கச் சம்மதிப்பார்.

அதற்கும் கீழே இனிப்பு ஒயின்கள். ஒரு காலத்தில் இந்தப் புறநகர்க் கடைகளின் முழு வியாபாரமே சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின்தான். இன்று ஒன்றிரண்டு வரியாகச் சுருங்கிவிட்டது, பல கடைகளில் எஸ்பிரெசோ மார்ட்டினி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள ருதர்க்ளென்னில் செய்யப்படும் மஸ்கட்டை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். திராட்சையைக் கொடியிலேயே சுருங்கவிட்டு, சாராயம் சேர்த்து, சூடான கொட்டகையில் பீப்பாயில் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். ருதர்க்ளென், கிளாசிக், கிராண்ட், ரேர் என்று நாலு படி. ரேர் என்றால் சராசரி வயது இருபதுக்கு மேல். கிளாஸில் சாய்த்தால் வெல்லப்பாகு நிறத்தில் ஓரமெல்லாம் ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்கும். திறந்த பாட்டில் வாரக்கணக்கில் கெடாது, பரிமாறுவது 60 மில்லிதான், கடைக்காரருக்கு நஷ்டப் பயமே இல்லை. கிளாசிக் படியையாவது கிளாஸில் வைக்காத மெல்பர்ன் பாருக்கு மதிப்பெண்ணைத் தயங்காமல் குறைக்கலாம், மேலே எத்தனை பர்கண்டி இருந்தாலும்.